மவுண்டன் பைக் ஹேண்டில்பார்: அளப்பதும் அறுப்பதும்

ரெடிமேட் பேன்ட் வாங்கினால் கால் நீளம் கூடுதலாகத்தான் இருக்கும். டெய்லரிடம் கொடுத்து நம் உயரத்துக்கு வெட்டித் தைத்துக்கொள்வோம். மவுண்டன் பைக்கின் ஹேண்டில்பாரும் அப்படித்தான் வருகிறது. இன்றைய டிரெயில் பைக்குகளில் 780 அல்லது 800 மி.மீ. அகலமுள்ள பார் சகஜம். 180 செ.மீ. உயரக்காரருக்கு அது பொருந்தும். 163 செ.மீ. உள்ளவர் அதையே பிடித்தால், பெரிய அண்டாவைக் காதுபிடித்துத் தூக்குகிறவர் மாதிரி கை இரண்டும் விரிந்து நிற்கும். பேன்ட்டை வெட்டுகிறவர்கள்கூட பாரைத் தொடுவதில்லை. வந்த அகலத்திலேயே வருடக்கணக்கில் ஓட்டிவிட்டு, தோள்வலிக்கு சீட்டையும் வயதையும் குறை சொல்வார்கள்.

அறுத்ததை ஒட்ட முடியாது என்பதால்தான் தயாரிப்பாளர்கள் நீளமாக விட்டுவைக்கிறார்கள். அறுப்பது அரைமணி நேர வேலை. எவ்வளவு அறுப்பது என்று முடிவுசெய்யத்தான் இரண்டு மூன்று வாரம் வேண்டும்.

அகலம் எதை மாற்றுகிறது

கடப்பாரை நீளமாக இருந்தால் கல்லைப் புரட்டுவது எளிது. பாரும் ஒரு கடப்பாரைதான். முன்சக்கரம் கல்லிலோ வேரிலோ இடித்துப் பக்கவாட்டில் திரும்பப் பார்க்கும்போது, அகலமான பார் குறைந்த பலத்தில் அதைப் பிடித்து நிறுத்தும். வேகமான இறக்கத்தில் வண்டி அலையாமல் போகும். குறுகலான பாரில் கை லேசாக அசைந்தாலே சக்கரம் திரும்பிவிடும். இறக்கத்தில் அது படபடப்பு. மரங்களுக்கு நடுவே நெளிந்து போகும்போது அதுவே வசதி.

அகலத்துக்கு ஒரு விலையும் உண்டு. 780 மி.மீ. பாரை 30 பாகை திருப்ப, கை ஏறக்குறைய 20 செ.மீ. நகர வேண்டும். 700 மி.மீ. பாரில் 18 செ.மீ. போதும். கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் ஏற்கெனவே முழங்கை நேராக நீண்டிருப்பவருக்கு அந்த 2 செ.மீ. மிச்சமில்லை. கொண்டை ஊசி வளைவில் வெளிப்பக்கக் கை எட்டாமல் தோள் இழுபடும், உடம்பு உள்பக்கம் சரியும், முன்சக்கரத்தின் மேல் இருக்க வேண்டிய எடை விலகும். சக்கரம் வழுக்குவது அப்போதுதான்.

பழைய பைக் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று. கலிஃபோர்னியாவின் மரின் கவுண்டியில் 1976 அக்டோபர் 21-ல் முதல் ரீபேக் பந்தயம் நடந்தபோது, பழைய சைக்கிள்களில் அகலமான பாரும் மோட்டார் சைக்கிள் பிரேக் லீவரும் மாட்டித்தான் மலையிறங்கினார்கள். பிறகு கிராஸ் கன்ட்ரி பந்தயங்கள் பெருகி, 1990-களில் பார் 560, 580 மி.மீ. என்று சுருங்கியது; பாரை வண்டியோடு இணைக்கும் குட்டைத் துண்டான ஸ்டெம் 120 மி.மீ., அதற்கும் மேல் என்று நீண்டது. இப்போது தலைகீழ்: ஃபிரேம் நீளம், ஸ்டெம் 35 முதல் 50 மி.மீ., பார் அகலம். நீள ஸ்டெம்மோடு குறுகிய பார், குட்டை ஸ்டெம்மோடு அகல பார் என்று இவை ஜோடியாகவே வந்தவை. ஒன்றை மட்டும் மாற்றினால் மற்றது முரண்டு பிடிக்கும். பழைய பைக்கின் 100 மி.மீ. ஸ்டெம்மில் 800 மி.மீ. பாரை மாட்டினால் கிட்டத்தட்ட படுத்துக்கொண்டு ஓட்ட வேண்டியதுதான்.

இருப்பதை அளங்கள்

பாரின் இடது முனையிலிருந்து வலது முனை வரை நேர்கோட்டில் டேப் பிடியுங்கள். பாரின் வளைவை ஒட்டி டேப்பை ஓட்டினால் அளவு கூடிவிடும். முனை மூடிய கிரிப் என்றால் பக்கத்துக்கு 3 முதல் 5 மி.மீ. ரப்பர் இருக்கும், அதைக் கழித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான பார்களில் ஸ்டெம்முக்குப் பக்கத்திலேயே அகலம், மேலெழும்பும் உயரம், நடுவிட்டம் ஆகியவை அச்சாகியிருக்கும். நடுவிட்டம் 25.4, 31.8, 35 என்று மூன்று வகை. பாரை மாற்றுவதாக இருந்தால் ஸ்டெம்மும் அதே விட்டத்தில் இருக்க வேண்டும். கிரிப் ஏறும் இடம் மூன்றிலும் 22.2 மி.மீ.தான்.

அடுத்து கிரிப்பைப் பாருங்கள். ஆறு மாதம் ஓட்டிய கிரிப் பொய் சொல்லாது. நடுவிலும் உள்பக்கத்திலும் ரப்பர் வழவழப்பாகி, வெளிமுனையில் ஒரு விரல் அகலத்துக்குப் பள்ளமும் மேடும் புதுசாகவே இருந்தால், உங்கள் கை அங்கே போனதே இல்லை. இரண்டு பக்கமும் 20 மி.மீ. தொடப்படாமல் இருந்தால் 780 மி.மீ. பாரை நீங்கள் ஏற்கெனவே 740 ஆகத்தான் ஓட்டுகிறீர்கள். வெளிமுனை ரப்பர் மட்டும் தேய்ந்து, உள்ளங்கையின் சுண்டுவிரல் பக்கம் பாருக்கு வெளியே தொங்குகிறதென்றால் கதை நேரெதிர். பார் உங்களுக்குப் போதவில்லை.

தண்டால் எடுத்து அளப்பது

ஷூ போட்டுக்கொண்டு தரையில் குப்புறப் படுங்கள். யோசிக்காமல், தண்டால் எடுக்க எங்கே கை வைத்தால் பலமாக இருக்குமோ அங்கே வையுங்கள். ஐந்தாறு தண்டால் எடுத்த பிறகு கை தானாக ஓர் இடத்தில் நிலைக்கும். அப்படியே நிற்க, இன்னொருவர் இடதுகையின் வெளி ஓரத்திலிருந்து வலதுகையின் வெளி ஓரம் வரை அளக்கட்டும். எழுந்து கொஞ்சம் நடந்துவிட்டு மறுபடி செய்யுங்கள். மூன்று அளவுகளின் சராசரிதான் கணக்கு. தண்டால் எடுக்க வராது என்றால் முழங்காலை ஊன்றிச் செய்யலாம், அளவு பெரிதாக மாறாது.

இங்கே நடக்கும் தவறு, மார்புக்கு வேலை கொடுக்கிறேன் என்று ஜிம்மில் பழகிய அகலத்தில் கை வைப்பது. கீழே இறங்கும்போது முழங்கை மடிப்பு ஏறக்குறைய செங்கோணத்தில் இருந்தால் சரியான இடம். முழங்கை காதுப் பக்கம் விரிந்து ஏறினால் கை அதிகம் அகன்றுவிட்டது.

இதோடு ஒப்பிட ஓட்டுபவர்களிடையே புழங்கும் ஒரு கணக்கு இருக்கிறது: செ.மீ.யில் உங்கள் உயரத்தை 4.4 ஆல் பெருக்கினால் மி.மீ.யில் பார் அகலம். 160 செ.மீ.க்கு 704, 165-க்கு 726, 170-க்கு 748, 175-க்கு 770, 180-க்கு 792. தோளகலமோ கை நீளமோ இந்தக் கணக்குக்குத் தெரியாது. அதனால் தண்டால் அளவுக்கும் இதற்கும் 20 மி.மீ. வரை வித்தியாசம் வந்தால் கவலை வேண்டாம், இரண்டுக்கும் நடுவில் தொடங்கலாம். 40 மி.மீ. வித்தியாசம் வந்தால் தண்டாலை நம்புங்கள்.

ஒருவரை எடுத்துக்கொள்வோம். உயரம் 165 செ.மீ., பைக்கோடு வந்த பார் 780. தண்டாலில் வந்தது 738, பெருக்கலில் 726. அவருடைய தேடல் 725-க்கும் 740-க்கும் நடுவில். வாங்கியது 780. ஆக பக்கத்துக்கு 20 மி.மீ.க்கு மேல் உபரி.

எங்கே ஓட்டுகிறீர்கள் என்பதும் கணக்கில் சேரும். கரடுமுரடான இறக்கமும் வேகமும்தான் உங்கள் விருப்பம் என்றால் கிடைத்த அளவோடு 10, 20 மி.மீ. கூட்டிக்கொள்ளலாம். நீண்ட ஏற்றங்கள், நெருக்கமான மரங்கள் என்றால் கூட்டாதீர்கள். நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில் ஓட்டுபவர்களுக்கு இது தெரிந்த விஷயம். செடிகளுக்கு நடுவே ஆள் நடக்கும் பாதை, நிழலுக்கு நட்ட சில்வர் ஓக் மரம் வளைவின் ஓரத்திலேயே நிற்கும். பார் முனை மரத்தில் உரசினால் சக்கரம் மரத்தின் பக்கமே திரும்பும். ஆள் தோட்டத்துக்குள் போய் விழுவார். வாரம் ஐந்து நாள் அதே வண்டியில் நகர நெரிசலில் அலுவலகம் போகிறவருக்கும் குறுகலான பக்கமே நல்லது.

அறுக்காமல் ஓட்டிப் பாருங்கள்

அவசரக்காரர்கள் தவறவிடுவது இந்தப் படியைத்தான். லாக்-ஆன் கிரிப், அதாவது அலன் கீ திருகால் இறுக்கும் கிரிப், இருந்தால் பாரை அறுக்காமலே அகலத்தைக் குறைத்துப் பார்க்கலாம்.

முதலில் பிரேக் லீவர், கியர் லீவர், டிராப்பர் சீட்போஸ்ட் (ஓட்டும்போதே சீட்டை இறக்கி ஏற்றும் தண்டு) லீவர் எல்லாம் இப்போது எங்கே இருக்கின்றன என்று மாஸ்க்கிங் டேப் ஒட்டிப் பேனாவால் கோடு போடுங்கள். லீவர் எந்தச் சாய்வில் இருக்கிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் திரும்ப வைக்கும்போது தடுமாறுவீர்கள். பிறகு அவற்றைத் தளர்த்தி 10 மி.மீ. உள்ளே தள்ளுங்கள். பின்னால் கிரிப்பையும் 10 மி.மீ. தள்ளி இறுக்குங்கள். மறுபக்கமும் அதே அளவு. 780 இப்போது 760.

வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பார் முனையில் பிளக், அதாவது குழாயை அடைக்கும் மூடி, கட்டாயம் இருக்க வேண்டும். திறந்த குழாய் முனை, விழுந்தால் சதையை வட்டமாக வெட்டி எடுக்கும். கை உள்ளே வந்தாலும் பார் இன்னும் 780-தான் என்பதும் நினைவிருக்கட்டும்; சோதனை நாட்களில் மர இடுக்குகளில் நுழைய வேண்டாம். முனை மூடிய கிரிப்பை இப்படித் தள்ள முடியாது, திறந்த முனையுள்ள பழைய ஜோடி ஒன்றை வாங்கிப் போட்டுப் பார்ப்பதே வழி.

தெரிந்த பாதை ஒன்றில், ஒரே ஏற்றம் ஒரே இறக்கம் என்று நான்கைந்து முறை ஓட்டுங்கள். முதல் நாள் எந்த மாற்றமும் விசித்திரமாகவே தெரியும், அன்றைய தீர்ப்பு செல்லாது. நன்றாக இருந்தால் இன்னொரு 5 மி.மீ. உள்ளே. ஒரேயடியாக 20 மி.மீ. தள்ளினால் எந்த இடத்தில் சரியாக இருந்தது என்று தெரியாமல் போய்விடும்.

ஓட்டும்போது உடம்பு சொல்வதைக் கேளுங்கள். தோள்பட்டைகளுக்கு நடுவிலும் கழுத்தடியிலும் வலி, உள்ளங்கையின் வெளிவிளிம்பில் அழுத்தம், சுண்டுவிரலில் மரத்துப்போதல், இறக்கத்தில் முழங்கை மடங்காமல் நேராகவே நிற்பது, இறுக்கமான வளைவில் ஒரு கை எட்டாமல் போவது — இவை பார் இன்னும் அகலம் என்பதன் அறிகுறிகள். கல்பாதையில் முன்சக்கரம் அடிக்கடி விலகுவது, செங்குத்தான ஏற்றத்தில் வண்டி இடமும் வலமுமாக அலைவது, நின்று மிதிக்கும்போது முழங்கால் பாரை உரசப் பார்ப்பது — குறுக்கிவிட்டீர்கள். ஒன்றில் ஜாக்கிரதை: விரல் மரத்துப்போவதற்கு பிரேக் லீவர் சாய்வும் காரணமாகலாம். லீவர் அதிகமாகக் கீழ்நோக்கித் தொங்கினாலோ படுகிடையாக இருந்தாலோ மணிக்கட்டு மடங்கும். அதைச் சரிசெய்துவிட்டு அகலத்தைப் பற்றி முடிவெடுங்கள்.

நம் 165 செ.மீ. நண்பர் 760-ல் ஒரு வாரம், 750-ல் ஒரு வாரம் ஓட்டி, 740-ல் முழங்கை தானாக மடங்குவதைக் கண்டார் என்று வைத்துக்கொள்வோம். 730-ல் கல்பாதையில் சக்கரம் துள்ளியது. 740 அவருடைய அளவு.

இந்தச் சோதனையில் இன்னொன்றும் தெரிந்துவிடும். பார் நடுவில் தடிமனாகவும் முனையில் 22.2 மி.மீ. ஆகவும் இருக்கும். நேரான மெல்லிய பகுதி முடிந்து குழாய் தடிக்கத் தொடங்கும் இடத்தைத் தாண்டி லீவர் கிளாம்ப் போகாது. கிரிப், பிரேக், கியர், டிராப்பர் எல்லாம் அந்தப் பகுதிக்குள் அடங்க வேண்டும். இடம் போதவில்லை என்றால் அந்தப் பாரை அவ்வளவு குறுக்க முடியாது. முதலிலேயே 740 ஆகத் தயாரான பார்தான் வாங்க வேண்டும். சில பார்களில் எந்தக் கோடு வரை அறுக்கலாம் என்று முனையில் அச்சிட்டிருப்பார்கள். அதை மீறாதீர்கள்.

ஸ்டெம்மைத் தொட வேண்டுமா

பாரை அகலமாக்கினால் கை வெளியே விரிந்து மார்பு முன்னால் இறங்கும். குறுக்கினால் உடம்பு கொஞ்சம் நிமிரும். பார் 20 மி.மீ. மாறினால் இதைப் பொருட்படுத்த வேண்டாம். 40 மி.மீ. மாறினால் ஸ்டெம்மில் 10 மி.மீ. எதிர்த்திசையில் மாற்ற வேண்டிவரலாம், அதாவது அகலம் கூடினால் ஸ்டெம் குட்டை. ஆனால் 35 மி.மீ. ஸ்டெம் உள்ள பைக்கில் இனிக் குட்டையாக்க அதிகம் இல்லை. பாரைக் குறுக்கிய பிறகு ஏற்றத்தில் முன்சக்கரம் தூக்கினால் மட்டும் 10 மி.மீ. நீண்ட ஸ்டெம்மை இரவல் வாங்கிப் பாருங்கள்.

அறுக்கும் நாள்

அலுமினியம் என்றால் பிளம்பர்கள் பயன்படுத்தும் பைப் கட்டர் போதும். அறுவை நேராக வரும், ரம்பத்தில் அது சுலபமல்ல. கிரிப்புகளைக் கழற்றுங்கள். பிரேக் ஹோஸை (லீவரிலிருந்து பிரேக்குக்குப் போகும் எண்ணெய்க் குழாயை) பிரிக்க வேண்டியதில்லை, லீவரை உள்ளே தள்ளி வைத்தாலே போதும்.

குறிப்பது இப்படி. மொத்தம் எவ்வளவு போக வேண்டுமோ அதில் பாதி ஒவ்வொரு பக்கமும். 780-ஐ 740 ஆக்க, முனையிலிருந்து 20 மி.மீ. இடத்தில் மாஸ்க்கிங் டேப்பைக் குழாயைச் சுற்றி ஒட்டி, டேப்பின் ஓரத்தையே கோடாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் குறித்துவிட்டு, கோட்டிலிருந்து கோடு வரை மொத்தத்தையும் மறுபடி அளங்கள். 740 வருகிறதா? சந்தேகமாக இருந்தால் 745-ல் அறுங்கள். 5 மி.மீ. பிறகும் எடுக்கலாம். முனை மூடிய கிரிப்புக்கு மாறப்போகிறீர்கள் என்றால் அதன் ரப்பர் தடிமனைப் பாரிலிருந்து குறைத்துக்கொள்ளுங்கள்.

கட்டரை மாட்டி, அதன் வெட்டும் சக்கரம் குழாயை லேசாகத் தொடும் அளவுக்குத் திருகி, ஒரு முழுச் சுற்றுச் சுற்றுங்கள். பிறகு திருகைக் கால்வாசி சுற்று இறுக்கி இன்னொரு முழுச் சுற்று. ஒரேயடியாக இறுக்கினால் குழாய் நசுங்கி, முனை வீங்கிவிடும். மெதுவாகச் செய்தாலும் அறுத்த விளிம்பில் மெல்லிய மேடு எழும்பியிருக்கும். அரத்தால் அதை வெளியேயும் உள்ளேயும் சீவிவிடுங்கள். வெளி மேடு இருந்தால் கிரிப் ஏறாது, ஏறினால் கிழியும். உள் மேடு இருந்தால் பிளக் போகாது. துண்டுகள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். ஒரே உயரமாக இருந்தால் வேலை சுத்தம்.

கார்பன் பாருக்கு பைப் கட்டர் கூடவே கூடாது, அது நார்களை நசுக்கிப் பிளந்துவிடும். ஒரு அங்குலத்துக்கு 32 பல் உள்ள புது ஹாக்ஸா பிளேடு வாங்குங்கள். அறுக்கும் இடத்தைச் சுற்றி மாஸ்க்கிங் டேப்பை இரண்டு மூன்று சுற்று இறுக்கமாக ஒட்டி அதன் மேலேயே கோடு போடுங்கள். பழைய லாக்-ஆன் கிரிப்பின் கிளாம்ப் வளையம் இருந்தால் கோட்டை ஒட்டி மாட்டிக்கொள்ளலாம், பிளேடு வழுக்காமல் நேராக ஓடும். அழுத்தம் தராமல் நீளமாக இழுத்து அறுங்கள். முக்கால்வாசி போனதும் நிறுத்தி, பாரைத் திருப்பி எதிர்ப்பக்கத்திலிருந்து மீதியை அறுங்கள். அப்படியே ஒரே பக்கமாக முடித்தால் கடைசி நார்கள் அறுபடாமல் உரிந்து வரும். விளிம்பை 400 எண் உப்புத்தாளால் தேய்த்து முடியுங்கள்.

கார்பன் தூசி நுரையீரலுக்கு ஆகாது. முகக்கவசம் போட்டு, திறந்த வெளியில், அறுவையில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டு அறுங்கள். தூசியை ஊதாதீர்கள், ஈரத்துணியால் துடைத்து அந்தத் துணியைத் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

ஒன்றை எதிர்பார்த்துக்கொள்ளுங்கள்: எந்தப் பாரும் குறுகக் குறுக விறைப்பாகும். 800-ல் இதமாக இருந்த 35 மி.மீ. விட்டப் பார் 720-ல் கல்பாதையின் அதிர்வை அப்படியே கையில் இறக்கும். உயரம் குறைந்தவர்கள் புதுசாக வாங்கும்போது 31.8 விட்டத்தைக் கேட்பதற்கு இது நல்ல காரணம்.

பூட்டுதல்

கழற்றிய வரிசையைத் தலைகீழாகச் செய்தால் போதும் என்று நினைப்பார்கள். ஆனால் கிரிப் உள்ளே வந்ததால் லீவர்களின் இடமும் புதுசு. முதலில் கிரிப்பைப் பார் முனையோடு சமமாக வைத்துப் பூட்டுங்கள். கையை வழக்கம்போல் வைத்து ஆள்காட்டி விரலை நீட்டினால், பிரேக் லீவரின் முனைக் கொக்கியில் விரல் விழ வேண்டும். அது வரை லீவரை உள்ளே தள்ளுங்கள். லீவரின் நடுவில் விரல் விழுந்தால் பிரேக் பிடிக்க இரட்டிப்புப் பலம் தேவைப்படும்.

ஸ்டெம்மைக் கழற்றியிருந்தால் முன்தகட்டின் நான்கு திருகுகளையும் குறுக்குமறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். தகட்டின் மேலிடுக்கும் கீழிடுக்கும் சமமாக இருக்க வேண்டும். சில ஸ்டெம்களில் மேல் இடுக்கு முழுதாக மூட வேண்டும் என்று பொறித்திருப்பார்கள். எவ்வளவு இறுக்கம் என்பதும் அங்கேயே இருக்கும், பெரும்பாலும் 5 அல்லது 6 நியூட்டன் மீட்டர். கார்பன் பாருக்கு டார்க் ரெஞ்சு (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பானர்) இல்லாமல் இந்த வேலையில் இறங்காதீர்கள். ஸ்டெம்முக்குள் கிரீஸ் பூசாமல் கார்பன் பேஸ்ட் பூசுங்கள், குறைந்த இறுக்கத்திலேயே பார் சுழலாமல் நிற்கும். லீவர் கிளாம்ப்பை மட்டும் முழுப் பலத்தில் இறுக்க வேண்டாம். விழும்போது லீவர் பாரில் சற்றுச் சுழன்று கொடுத்தால் உடையாமல் தப்பிக்கும்.

கடைசியாக, முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி பாரை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்புங்கள். கேபிளோ ஹோஸோ இழுபடுகிறதா, ஃபிரேமில் சிக்குகிறதா, லீவர் மேல்குழாயில் இடிக்கிறதா? அகலத்தைக் குறைத்ததில் ஹோஸ் தொங்கலாக வளைந்தால் ஒரு கிளிப் போட்டுக் கட்டிவிடலாம். அகலமான பாருக்கு மாறியதில் விறைத்தால் நீளமான ஹோஸ் மாற்றாமல் ஓட்டக்கூடாது. பிளக் இரண்டும் உள்ளே இருக்கின்றனவா என்று தட்டிப் பார்த்துவிட்டு, முதல் சவாரி முடிந்ததும் கிரிப் திருகுகளை ஒருமுறை சரிபாருங்கள். புது இடத்தில் உட்கார்ந்த கிரிப் லேசாகத் தளர்ந்திருக்கும்.